பத்தடி ஆழத்தில் என் இடது காது

மாலத்தீவுக்குப் போக வேண்டுமென்றால் நான் முதலில் கடலூருக்குப் போயாக வேண்டும் என்று ஆனது.

மாலத்தீவில் ஒரு தீவு விடுதி. வருகிற விருந்தினர்களுக்குப் பவளப்பாறைகளையும் மீன்களையும் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை. கடல் உயிரியலில் முதுகலை முடித்திருந்தேனே தவிர, பவளத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும்தான் பார்த்திருந்தேன். வீடியோ நேர்காணலில் இது வெளியே வந்ததும் எதிரில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டார். தொடக்க நிலை ஸ்கூபா பயிற்சி முடித்ததற்கான அட்டையை மாதக் கடைசிக்குள் அனுப்பினால் வேலை உறுதி, அனுப்பாவிட்டால் அடுத்த ஆள் என்றார். மாதம் பாதி கழிந்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மகன் விமானம் ஏறப் போகிறான் என்று எங்கள் ஊர் கீரப்பாளையத்தில் பாதிப் பேருக்கு அம்மா சொல்லி முடித்திருந்தாள்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், வலைக்கடை ஒன்றின் மாடியில் பயிற்சி மையம். முதல் நாளே தண்ணீரில் குதித்துவிடலாம் என்று துண்டு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். உள்ளே மேசை, நாற்காலி, டிவி, மூன்று பேனா. அன்று முழுக்கப் பாடம், சாயங்காலம் பரீட்சை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம்.

பயிற்சியாளர் ஸ்டெல்லா அக்கா பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். முப்பது வயதிருக்கும். மாணவர்கள் இரண்டே பேர். இன்னொருவன் பரங்கிப்பேட்டை ஃபாரூக். ஊரில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் அவனுடைய மாமா படகு ஓட்டுகிறாராம். அட்டையோடு வந்தால் முக்குளிப்புப் படகில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீருக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. அவன் கருவிகளை நான் சரிபார்க்க வேண்டும், என்னுடையதை அவன். அவனுக்குக் காற்று தீர்ந்தால் என்னுடையதைக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் அவன் என் தோளில் கை போட்டு, "அப்ப இன்னையிலேருந்து நீ எனக்கு மச்சான்" என்றான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படிவம் வந்தது. ஆங்கிலத்தில் உடல்நலக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். படிவம் நிரப்புவது எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து கைவந்த வேலை. எங்கள் தெருவில் முதியோர் பென்ஷன், பேங்க் கணக்கு, ரேஷன் அட்டை, காப்பீடு எதுவானாலும் என்னிடம்தான் வரும். அதில் நான் கற்றுக்கொண்ட ஒரே விதி, நோய் பற்றிக் கேட்டால் 'இல்லை' போட வேண்டும் என்பது. 'ஆம்' போட்ட காகிதம் திரும்பி வரும். அதோடு இன்னும் மூன்று காகிதம் கேட்பார்கள். ஆறாவது கேள்வி காதில் எப்போதாவது சீழ், ஓட்டை, அறுவை சிகிச்சை உண்டா என்று கேட்டது. மேலிருந்து கீழ் வரை 'இல்லை' போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

ஃபாரூக் தன் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மச்சான். நீயே அடிச்சிடு."

நானும் அடித்துக்கொண்டு போனேன். ஆஸ்துமா என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, இளைப்பு உண்டா என்று கேட்டேன்.

"சின்னதுல இருந்துச்சு. இப்பவும் பனி நேரத்துல கொஞ்சம் இழுக்கும்."

"எழுதுனா திருப்பி அனுப்பிருவாங்க. இல்லன்னு போடுறன்."

"போடு."

பத்து விநாடி வேலை. அவன் கையெழுத்துப் போட்டான்.

பாடத்தில் முதல் அடி என் பெருமைக்கு விழுந்தது. எங்கள் ஊர் வாய்க்காலில் அதிக நேரம் மூச்சடக்குபவன் நான். அதுதான் முழுத் தகுதி என்று நம்பி வந்திருந்தேன். ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதாம். ஆழத்தில் காற்று நெருக்கப்பட்டிருக்கும்; அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே மேலே வந்தால் அது விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். ஸ்டெல்லா அக்கா இதைச் சோறு வடிக்கும் பக்குவம் சொல்வது போல அமைதியாகச் சொன்னார். "கீழ போயி என்னா வேணா மறங்க. மூச்சு விடறத மறக்காதீங்க."

அடுத்து காது. இறங்க இறங்கத் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளும். அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். உள்ளிருந்து காற்று போய்ப் பறையைச் சமன் செய்யும். ஃபாரூக் முகம் சிவக்க ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது தடவை 'பொட்'டென்றது என்று அலறினான். நான் ஒரே தடவையில் செய்தேன். இடது காது வழியாக 'உஸ்'ஸென்று காற்று வெளியே வந்தது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வித்தை. பள்ளிக்கூடத்தில் காதால் தீக்குச்சியை அணைத்து மாங்காய் ஜெயித்திருக்கிறேன். ஏசி இரைச்சலில் அந்த 'உஸ்' அக்காவுக்குக் கேட்கவில்லை. சரியா என்றார், நான் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினேன். அதுதான் சரி என்பதற்கான சைகை. வகுப்பில் நான்தான் முதல் மாணவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பழகிக்கொள்ளட்டும் என்று மாஸ்கையும் நீளத் துடுப்புச் செருப்புகளையும் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் கண்டக்டர் அவற்றுக்கு லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, "வாத்துக் காலுக்கெல்லாம் டிக்கெட் கெடையாதுப்பா" என்று விட்டுவிட்டார். சிதம்பரத்தில் மாறிய பஸ்ஸில் நான் தூங்கிப் போய், கீரப்பாளையத்தில் அவசரமாக இறங்கியதில் ஒரு செருப்பு மட்டும் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் ஓடினேன். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அதை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். நல்லா காத்து வருது தம்பி, எங்க வாங்கினே என்று விசாரித்த பிறகே கொடுத்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சிதம்பரத்தில், ஒரு தனியார் நீச்சல் குளத்தில். கொத்சும் இட்லியும் இரண்டு செட் அடித்துவிட்டுப் போன என்னை ஸ்டெல்லா அக்கா ஒரு மணி நேரம் கரையில் உட்கார வைத்தார். வயிறு நிறைய இருந்தால் மாஸ்குக்குள்ளேயே வந்துவிடுமாம். குளத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருந்தது. வாய்க்கால் தண்ணீர் நம்மை இழுத்துக்கொண்டு போகும். சேறும் புல்லும் வாசனை வரும். இது நீல நிறத்தில் மருந்து நெடியோடு அசையாமல் கிடந்தது. நீச்சல் தேர்வில் தலையைத் தூக்கிக்கொண்டு, மாடு ஆற்றைக் கடப்பது போல நீந்தி முடித்தேன். பத்து நிமிடம் அப்படியே மிதக்கவும் வேண்டும். அதில் ஃபாரூக் தூங்கியே போய்விட்டான் என்று நினைக்கிறேன்.

சிலிண்டர், ஈயக் கட்டைகள் கோத்த பெல்ட், காற்றடைக்கும் சட்டை எல்லாம் மாட்டியதும் எழுந்து நிற்க முடியவில்லை. விதை நெல் மூட்டை இதைவிடத் தேவலை. ஆனால் நான்கடித் தண்ணீரில் மண்டியிட்டு, வாயில் கடித்திருந்த குழாய் வழியாக முதல் மூச்சை இழுத்தபோது உடம்பெல்லாம் கூசியது. தண்ணீருக்குள் மூச்சு விடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து படித்த உடம்பு வேண்டாம் வேண்டாம் என்றது. நெஞ்சு மட்டும் காற்றை வாங்கிக்கொண்டது. மாஸ்கில் வேண்டுமென்றே தண்ணீரை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். குழாயை வாயிலிருந்து எடுத்துத் தூரப் போட்டு, கையால் துழாவிப் பிடித்து மறுபடி கடிக்க வேண்டும். இதையெல்லாம் காசு கொடுத்து ஒருவன் செய்வானா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. செய்து முடித்ததும் இன்னொரு தடவை செய்ய ஆசையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் ஆழப் பக்கம். பத்தடி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினோம். எதிரே ஃபாரூக், பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா. ஓர் ஆள் உயரம் இறங்கியதும் மூக்கைப் பிடித்து ஊதினேன். ஃபாரூக்கின் கண்கள் மாஸ்குக்குள் விரிந்தன. என் குழாயைத் தொட்டுப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். எங்கிருந்தோ காற்று கசிகிறது என்று தேடினான். பிறகு அவன் விரல் தயங்கித் தயங்கி என் இடது காதைக் காட்டியது. அங்கிருந்து குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் பெருமையாக வட்டம் காட்டினேன். இன்னும் இரண்டடி இறங்கி, இன்னும் பலமாக ஊதினேன்.

காதுக்குள் குளிர்ச்சியாக ஏதோ நுழைந்தது. அடுத்த நொடி குளம் சுழன்றது. நீல ஓடுகள் தலைக்கு மேல் போயின, காலுக்குக் கீழே வந்தன. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கயிறு என் கையில் இருந்தது, ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று புரியவில்லை. எதற்கும் பயப்படாமல் வாய்க்காலில் வளர்ந்தவன் என்று என்னைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணமெல்லாம் அங்கேயே கரைந்தது. குழாயைத் துப்பிவிடத் தோன்றியது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். இன்னொரு கை குழாயை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. வெளியே வந்த பிறகுதான் அது ஸ்டெல்லா அக்கா என்று தெரிந்தது. கரையில் படுத்திருந்தேன். ஆகாயம் இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா மூச்சு வாங்க, "காதுல எத்தன நாளா ஓட்ட?" என்றார்.

ஓட்டையெல்லாம் இல்லை அக்கா, இது வித்தை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அவரே அழைத்துப் போனார். பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெரு, ஒரே நெரிசல். மருத்துவர் ஒல்லியான கேமராவைக் காதுக்குள் விட்டுப் பக்கத்திலிருந்த டிவியில் காட்டினார். வலது காதில் முத்துப்போல் பளபளவென்று ஒரு திரை. இடது காதில் அந்தத் திரையின் நடுவே அவரைவிதை மாதிரி ஒரு கருப்பு. நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் என் தலைக்குள் ஒரு கதவு திறந்து கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதில் நிறையக் கேட்டது. இடது காதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். மெஷின் ரிப்பேரா என்று கேட்டேன். டாக்டர் என் நாற்காலிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்கூல்ல எங்கப்பா ஒக்காருவ?"

"முதல் பெஞ்ச் சார். இடது ஓரம்."

"பின்னாடி ஒக்காந்தா?"

யோசித்துப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்த நாள்களில் பாடம் புரியாது. கடைசி பெஞ்சுக்காரர்கள் யாருக்குமே புரியாது, அதனால்தான் மார்க் வாங்குவதில்லை என்று நினைத்திருந்தேன். முன் பெஞ்ச் பையன் என்று வாத்தியார்கள் பாராட்டியதெல்லாம் என் அக்கறைக்கா, இந்தக் காதுக்கா என்று எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

பறையை ஒட்டும் அறுவை சிகிச்சை உண்டு. செய்தாலும் மாதக்கணக்கில் தண்ணீர் படக் கூடாது. அதற்குப் பிறகும் முக்குளிக்கலாமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். சின்னதில் எனக்குக் காதில் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"என்னா வந்துச்சு? ஒண்ணும் வரலியே. ஆடியில புதுத்தண்ணி வந்தா ஒழுவும். எண்ண காச்சி ஊத்துவன், நின்னுபூடும்."

"அது வியாதிம்மா."

"காது ஒழுவுறதெல்லாம் ஒரு வியாதியாடா. எனக்குந்தான் ஒழுவுது."

நடைபாதையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர் என் மேல் இடித்துத் திட்டிக்கொண்டு போனார். தெருவில் எத்தனை பேர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு என்னிடம் காகிதம் நீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் 'இல்லை' போட்டது இந்தக் கைதான்.

அன்றே மாலத்தீவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வரியில் மரியாதையான பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேலைக்கு அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார்கள். சாயங்காலம் ஃபாரூக் போன் செய்து, வேறு டாக்டர் யாராவது கையெழுத்துப் போடுவார், நான் விசாரிக்கிறேன் என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். எனக்குக் குளம் மறுபடி சுற்றியது, வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் நாள் ஃபாரூக்குக்குக் கடல். நான் மாஸ்கையும் செருப்புகளையும் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். துறைமுகத்தில் பனி இறங்கியிருந்தது. விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மத்தி இறங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் எங்கள் சிலிண்டர்களைக் காட்டி, கடலுக்கடியில் சமைக்கப் போகிறார்களாம் என்றார். ஃபாரூக் ரப்பர் உடுப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டே விசிலடித்தான். படகுக்காரர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

ஸ்டெல்லா அக்கா கோப்பைத் திறந்து என் படிவத்தை எடுத்தார். ஆறாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இல்லன்னு அடிச்சிருக்க. ஏன் தம்பி?"

எங்கள் தெரு வழக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, அங்கே உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன் என்று மட்டும் கேட்டார். கோப்பில் என் படிவத்துக்கு அடியில் ஃபாரூக்கின் படிவம் இருந்தது. அதே நீல மை, அதே சாய்ந்த கோடுகள். அக்கா அதைப் பார்க்கவில்லை, மூடப் போனார். ஃபாரூக் என்னைப் பார்த்தான். விசில் நின்றிருந்தது. அவன் தலை மிகமிக லேசாக ஆடியது. வேண்டாம் என்றது.

"அக்கா, அவன் ஃபாரத்தையும் நான்தான் எழுதுனன்" என்றேன். "அவனுக்கு இளைப்பு இருக்கு. சொன்னான். நான்தான் இல்லன்னு போட்டன்."

அக்கா கையை உயர்த்தினார். இன்ஜின் நின்றது.

ஃபாரூக், சின்ன வயதில்தான் அக்கா, இப்போது ஒன்றுமில்லை என்றான். கடைசியாக எப்போது வந்தது என்று அவர் கேட்டதும் அவன் குனிந்து உடுப்பின் ஜிப்பை இழுத்தான். இளைப்பில் சுருங்கிய மூச்சுக்குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டால் மேலே வரும்போது என்ன ஆகும் என்பதை முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார். மறுபடி சொல்லவில்லை. "சிதம்பரத்துல நெஞ்சு டாக்டரு இருக்காரு. போயி ஊதிக் காட்டு. அவரு எழுதிக் குடுத்தா நாளைக்கே கூட்டிகினு போறன். இல்லன்னா இல்ல."

அவன் உடுப்பைக் கழற்றினான். என்னைக் கடந்து போகும்போது குரலை உயர்த்தாமல், "ஒனக்குப் போச்சு. எனக்கும் போவணும். அதான?" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கடந்து போய்விட்டான். அந்தப் பொறாமை என்னிடம் ஒரு துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் இன்றைக்கும் முடியாது. ஆனால் தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் நின்றவன் நான். என் கையால் போட்ட கோட்டை நம்பி இன்னொருவன் அறுபதடி இறங்குவதைக் கரையில் நின்று பார்க்க என்னால் முடியாது என்பதும் நிஜம்.

அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். முதுநகர் நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ் புறப்பட்டுவிட்டது. அவன் பையோடு ஓடினான். நானும் ஓடி, பின் படிக்கட்டில் தொற்றினேன். உள்ளே அவன் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றான். ஏதோ உடம்புக்குள் விசில் அடிப்பது போல் கேட்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு வெளுத்திருந்தது. பைக்குள் கையை விட்டுத் துழாவி, நீல நிறத்தில் ஒரு சின்ன பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அடித்தான். நின்றான். இன்னொரு தடவை அடித்தான். நான்கு நாள் கூடவே இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்த பெண் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.

ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. கையிலிருந்த பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கீழ இருந்தா இத எப்பிடி மச்சான் அடிக்கிறது?"

கண்டக்டர் வந்தார். பரங்கிப்பேட்டைக்குப் போகிறவன் முட்லூரிலேயே இறங்கிவிடலாம். ஃபாரூக் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டி, "ரெண்டு சிதம்பரம்" என்றான்.